பூங்கா வாசலில் பிரியாணிச் சட்டி

மலைநாட்டு நுவரெலியா என்றால் மற்றவர்களுக்கு ரோசாப்பூ ஞாபகம் வரும். எனக்கு வருவது, பஸ் கூரையில் கயிறு போட்டுக் கட்டியிருந்த ஒரு பிரியாணிச் சட்டி. அதைக் கட்டுவித்தவர் என் மூத்த சகோதரியான ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவர் மௌத்தாகி, அடக்கம் செய்து சில மாதங்களாகின்றன. எங்கள் கடற்கரை ஊரான சாய்ந்தமருதில் அவரைப் புகழ்பவர்கள் இன்றும் அந்தப் பயணத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். அதில் போனவன் என்ற முறையில் நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மௌத்தானவர் மீதான புகழுரைக்கு ஆட்சேபம் தெரிவிக்க எங்களிடம் நடைமுறை இல்லை.

ராத்தாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. எங்கள் மணலில் அவர் நட்ட ரோசாக் கன்றெல்லாம் உப்புக் காற்றில் கருகிப்போனது. சாணம் போட்டார், ஓலையால் மறைப்புக் கட்டினார், ஒன்றும் பலிக்கவில்லை. ரோசா ஒழுங்காக வளரும் ஊரில் ஒரு பின்னேரம் இருந்து பார்க்க வேண்டும் என்று கலியாணம் முடித்த நாளிலிருந்து கேட்டுவந்தார். மச்சான் ஒவ்வொரு முறையும் "அடுத்த லீவுக்கு" என்றார். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை வராத ஆண்டு எதையும் நான் கண்டதில்லை.

ஓய்வுபெற்ற பிறகு வேறு சாக்குக் கிடைக்காமல் சம்மதித்தார். இரண்டு பேர் போக வேண்டிய வார இறுதி அவர் கைக்குப் போனதும் ஒரு பஸ் நிறைந்தது. தலைவர் அவரே. தொழுகைக் குழு, ஒழுக்கக் குழு, உணவுக் குழு என்று பிரித்தார். அரச சேவையிலேயே தலை நரைத்தவன் நான்; பூப் பார்க்கப் போவதற்கு உபகுழு அமைக்கச் சொல்லும் சுற்றறிக்கையை எங்கும் படித்ததில்லை. உணவுக் குழுவின் ஒரே அங்கத்தவர் ராத்தா. "அவசரமில்லாம, ஆறுதலா ரெண்டு நாள் இருந்து பார்ப்பம்" என்று மச்சான் பஸ்ஸில் ஒலிவாங்கி பிடித்து அறிவித்தார்.

சனிக்கிழமை வழியிலேயே முடிந்தது. ஒவ்வோர் அருவியிலும் இறங்கி, அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தோம். ஞாயிறு பகல்தான் நுவரெலியாப் பூங்காவின் வாசலுக்கு வந்தோம். பூங்கா பூட்டியதும் பஸ் ஊர் திரும்பும். அப்போதும் மச்சான் எவரையும் உள்ளே விடவில்லை. எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிட்டால்தான் போய்வந்ததாகச் சேர்த்தி. "முதல்ல சோறு, புறகு பூ" என்று உத்தரவானது. வாசலுக்கு எதிரே வெறும் நிலத்தில் கல் வைத்துச் சட்டியை ஏற்றினார்கள்.

மலை உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்; சோறு கடற்கரையில் வேகிற மாதிரி வேகாது. தண்ணீர் பொங்கியது, அரிசி அரிசியாகவே கிடந்தது. இதை முன்கூட்டியே யோசிக்க, விஞ்ஞானம் படிப்பித்து அதிபரான ஒருவர் எங்களுடன் இருந்தார். அவர் முதலில் விறகைக் குறை சொன்னார், பிறகு அரிசிக் கடைக்காரரை, பிறகு ராத்தாவை.

"என்ன புள்ள, இவ்வளவு காலம் ஆக்கியும் பதம் தெரியல்லயா?"

ராத்தா ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். பிறகு பூங்கா வாசலைப் பார்த்தார். உள்ளேயிருந்த ஆட்கள் வெளியே வரத் தொடங்கியிருந்தார்கள்.

"இஞ்சருங்க, இதப் புடிங்க" என்று அகப்பையை மச்சான் கையில் வைத்தார்.

"எங்க போறாய்?"

"பூப் பார்க்க. அதுக்குத்தானே வந்த."

"அப்ப இத ஆரு கிளறுற?"

"நீங்கதானே தலைவர்."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நுழைவுச் சீட்டெடுத்து உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. தேநீர்கூட ஊற்றிக் குடித்தறியாத மச்சான், பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்க, அகப்பையும் கையுமாக நின்றார். சட்டி அடிப்பிடித்தது. மேலே அரைவேக்காடு, கீழே கரி. அதைச் சஹனில் கொட்டி, குளிரில் நடுங்கிக்கொண்டு சப்பினோம். இன்று ஊர் வாயூறப் பேசும் விருந்து அதுதான்.

பூங்கா பூட்டுகிற நேரம், கடைசி ஆளாக, ஆறுதலாக நடந்து வந்தார் ராத்தா. மச்சான் பஸ் படியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"அப்பிடி என்னதான் இரிக்கி உள்ள?"

"பூமரம்தான். ஒண்டாவது என்னட்டச் சோறு கேட்கல்ல."