தகட்டில் ஒரு கோடு கூட

டோர்ட்மண்டின் அந்த ஆய்வுகூடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மணம்தான். சீன மருந்து வேர்கள் சாக்குச் சாக்காக வந்திறங்கும். தாங்குய் என்ற வேரும், இந்த ஊர்க்காரர் சூப்பில் போடும் லீப்ஷ்டோக்கல் செடியின் வேரும் ஒரே குடும்பம். ஒரே நிறம், கிட்டத்தட்ட ஒரே மணம். ஒன்றோடு ஒன்றைக் கலந்துவிட்டால் கண்ணும் மூக்கும் கைவிரித்துவிடும். ஆகவே வேரின் சாற்றை, வெள்ளைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் இட்டுக் கரைப்பானில் நிறுத்துவோம். ஈரம் மேலேற ஏற, வேருக்குள் ஒளிந்திருந்தவை பிரிந்து கோடு கோடாய் நிற்கும். புற ஊதா விளக்கில் பார்த்தால் ஒவ்வொரு வேருக்கும் அதனதன் கைரேகை.

அன்று ஒரு சாக்கின் தாங்குய் வேரில், ஒப்பிட வைத்திருந்த அசலில் இல்லாத ஒரு கருங்கோடு. லீப்ஷ்டோக்கலிலும் அது இல்லை. எங்கள் பொறுப்பாளரான ஜெர்மன் பெண் குனிந்து பார்த்தார். "கலப்படம். திருப்பி அனுப்புவோம்" என்று அறிக்கை எழுதப் போனார்.

கூட வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணை என் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார்.

"தங்கச்சி, விடிய என்ன பூசினனீர்?"

"தலையிடி அண்ணை. தைலம்."

"வேரை முறிக்கேக்க கையுறை?"

"போடேல்லை."

"அப்ப சீனாக்காரன் பாவம். கலப்படம் நீர்தான்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிராம்பும் கறுவாப்பட்டையும் சேர்ந்த தைலம், விரலிலிருந்து வேருக்கு, வேரிலிருந்து தகட்டுக்கு. என் புறோபெற்சைற், அதாவது தகுதிகாண் காலம், முடிய இன்னும் ஒன்பது நாள். அதற்குள் என்னை வேலையிலிருந்து நிறுத்த அவர்களுக்குக் காரணமே தேவையில்லை.

"ஒன்பது நாள்தானே, வாயைப் பொத்திக்கொண்டு இரும்."

"ஏலாது அண்ணை. ஆரோ ஒராளின்ர நல்ல சாக்கு."

"அப்ப போய்ச் சொல்லும். அழுதால் துடைக்கப் பேப்பர் தாறன்."

சொன்னேன், உடைந்த டொச் மொழியில். பொறுப்பாளர் என் கையைப் பிடித்து முகர்ந்தார். கையுறைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "திரும்ப. முதலிலிருந்து."

புது வேர், புதுத் தகடு. ஈரம் ஏறும் அந்த அரைமணி நேரம்! எத்தனை வேலை மாறினேன், எத்தனை ஊர் மாறினேன். அப்படி எல்லாரும் வாய்மூடி ஒரே ஈரத்தைப் பார்த்து நின்ற பொழுது பிறகு வாய்க்கவில்லை. விளக்கிருந்த இருட்டுப் பெட்டிக்குள் மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன. கோடுகள் அசலோடு நேருக்கு நேர் நின்றன. கூட எதுவும் இல்லை.

பொறுப்பாளர் முதல் அறிக்கையைக் கிழித்தார். புதியதை எழுதினார். பரிசோதித்தவர் என்ற கட்டத்தில் அதுவரை அண்ணைதான் கையெழுத்திடுவார். அன்று பொறுப்பாளர் பேனையை என்னிடம் நீட்டினார். நீளமான என் பெயர் அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை.