எறும்புக்குப் பாலம்

எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்து, பேனா பிடிக்கும் வேலைக்கு நான் வந்து சேர்ந்தது தூத்துக்குடியில் கருப்பட்டி இருப்பு வைக்கும் ஒரு கிட்டங்கிக்கு. அங்கிருந்த காவல்காரர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

நெட்டை ஆள். உப்புக்காற்றில் வெளுத்த காக்கிச் சட்டை. கண் எப்போதும் தரையில்தான் இருக்கும்.

எறும்பு ஏறாமலிருக்க, கருப்பட்டி அடுக்கிய பலகையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தோம். இவரோ ஒவ்வொரு கிண்ணத்திலும் ஓர் ஈர்க்குச்சியைப் பலகைக்காலோடு சாய்த்து வைப்பார். தண்ணீரில் விழுந்த எறும்பு குச்சியைப் பிடித்து ஏறி, நேராகக் கருப்பட்டிக்குப் போய்விடும்.

"அண்ணாச்சி, எறும்பு ஏறக்கூடாதுன்னுதானே தண்ணி வச்சிருக்கு?"

"ஏறக்கூடாதுன்னுதான் தம்பி. சாகணும்னா வச்சிருக்கு?" என்று கிண்ணத்தைக் காட்டினார். "தரையில என்னா ஓட்டம் ஓடுதான். தண்ணியில விழுந்ததும் பாரும், முன்னங்கால் துடுப்பாயிட்டு, பின்னங்கால் சுக்கான். இவ்வளவு பாடுபடுதவன எப்படிச் சாவ விடுதது?"

நான் குச்சிகளை எடுத்தெறிவேன். திரும்பி வந்தால் புதுக் குச்சிகள் இருக்கும். முதலாளி பார்த்தால் வேலை போய்விடும் என்று கெஞ்சியும் பார்த்தேன்.

கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் அன்று, அவர் குச்சி வைப்பதை முதலாளி பார்த்துவிட்டார்.

"என்னவே, எறும்புக்குப் பாலமா கெட்டி வச்சிருக்கீரு? நாளையிலேர்ந்து வரவேண்டாம்."

காவல்காரர் தலைகுனிந்து நின்றார். வருந்துகிறார் என்று நினைத்து, அவருக்காகப் பரிந்து பேச வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து, கிண்ணத்தில் தத்தளித்த ஓர் எறும்பை விரலில் ஏற்றி, முதலாளியின் காலருகே பத்திரமாக இறக்கிவிட்டார்.

இப்படிப்பட்டவருக்காக நான் என்னவென்று பேசுவது?