வால்வுக்கு ஒட்டுப் போட்ட நாள்

அன்று கடையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: முதலாளி காதர் பாய், ரயில்வே கார்டு ராபர்ட் துரை, நான். ஊரே கூடி நின்று சிரித்ததாகப் பின்னால் சிலர் கதை கட்டினார்கள். அதனால்தான் கணக்காகச் சொல்கிறேன்.

யுத்த காலம். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் பாயின் ரேடியோ ரிப்பேர் கடை. எனக்கு அது முதல் நாள் வேலை. அதற்கு முன் வாடிப்பட்டியில் என் மச்சானுடைய சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. "இனிமே நான் ஆம்ப்ளிபையர் மெக்கானிக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருந்தேன். பாயோ, "ஒரு வாரம் பாப்பேன். சரிப்படலைன்னா திருப்பி பஸ் ஏத்தி விட்ருவேன்" என்று சொல்லிவிட்டார். எந்த முகத்தோடு மச்சான் முன்னால் போய் நிற்பது என்பதுதான் என் கவலை.

துரையிடம் மடியில் கிடத்தி வாசிக்கிற ஹவாய் கிதார் ஒன்று இருந்தது. கரண்டில் பேசுகிற கிதார். சனிக்கிழமை ரயில்வே கிளப் டான்ஸில் அது கூடம் முழுக்கக் கேட்க வேண்டும். அதற்குப் பாய் ஆம்ப்ளிபையர் கட்டிக்கொண்டிருந்தார். தகரத்தை மடக்கி சேஸிஸ், மேலே டிரான்ஸ்பார்மர், அடியில் கண்டென்சர்கள், கண்ணாடி பல்பு மாதிரி இருக்கிற ஐந்து வால்வுக்கு ஐந்து சாக்கெட். வால்வுகளைத் துரையே பட்டாளத்து சிநேகிதர் ஒருவரிடம் வாங்கி வந்திருந்தார்.

"டியூப் அஞ்சும் புத்தம் புதுசு மேன். பத்திரம்" என்றார் துரை.

பாய் தொப்பியை மாட்டிக்கொண்டு, "தம்பி, தொழுதுட்டு வாரேன். அதுக்குள்ள வால்வையெல்லாம் டெஸ்ட் பண்ணி வையி" என்று இறங்கிப் போனார். டீ வாங்கத் துரையும் பின்னாலேயே இறங்கினார்.

ஒருவர் டியூப் என்கிறார், ஒருவர் வால்வு என்கிறார். சைக்கிளில் இரண்டும் உண்டு. டெஸ்ட் பண்ணத் தெரியாதா எனக்கு? எப்படி என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.

மொட்டை மாடி வெயிலில் ஒரு சட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகக் கிடந்தது. அதைக் கடைக்குள் தூக்கி வந்தேன். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வால்வாக முக்கினேன். நாலில் ஒன்றுமில்லை. ஐந்தாவதன் உச்சியில் மெல்லிய கீறல். அதிலிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. முதல் நாளே பழுதைப் பிடித்துவிட்டேன்! எதற்கும் இருக்கட்டும் என்று மச்சான் கடை சொலூஷன் பசையும் ரப்பரும் பையில் வைத்திருந்தேன். உப்புத்தாளால் தேய்த்து, வட்டமாக ஒட்டுப் போட்டேன்.

பாய் வந்தார். வால்வைத் தூக்கிப் பார்த்தார்.

"யா அல்லா! என்னடா இது, வால்வுக்குத் தொப்பி போட்டு வச்சிருக்க?"

"பஞ்சர் பாய். ஒட்டிட்டேன். இனிமே காத்து எறங்காது."

பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அட மாப்ள, வால்வுக்குள்ள காத்தே இருக்கக் கூடாதுடா! காத்த உறிஞ்சி எடுத்துட்டுத்தான் மூடுறான்!"

அதற்குள் துரை டீ டம்ளரோடு மேலே வந்தார். "என் டியூபைக் கொன்னுட்டான்! பதினெட்டு ரூபா மேன்!"

என் சம்பளம் மாதம் பத்து.

"பொறுங்க துரை" என்றார் பாய். "தம்பி, குமிழி வெளிய வந்துச்சா, தண்ணி உள்ள போச்சா?"

"வெளிய வந்துச்சு பாய். சத்தியமா."

"இவன் ஒடச்சிருந்தா தண்ணிதானே உள்ள பாஞ்சிருக்கும்? குமிழி வந்துச்சுன்னா முன்னாடியே உள்ள காத்துப் பூந்திருச்சு. செத்த வால்வத்தான் உங்க சிநேகிதர் தலையில கட்டியிருக்காரு."

"குமிழிய இவன் மட்டும்தானே பாத்தான்? எனக்குக் காட்டச் சொல்லு."

ஒட்டைப் பிய்த்து மறுபடி முக்கினேன். மூன்று தலையும் சட்டிக்கு மேல். ஒன்றும் வரவில்லை. என் மனசுக்குள் வாடிப்பட்டி பஸ் கிளம்பிவிட்டது.

பாய் தண்ணீரில் விரலை விட்டார். "ஆறிப்போச்சு. உள்ள இருக்க காத்து சூடாகி விரிஞ்சாத்தான் வரும்." துரை கையிலிருந்த டீயைப் பிடுங்கி, வால்வைத் தலைகீழாக அதில் விட்டார்.

ஒரு குமிழி வந்தது. அடுத்து நாலைந்து சேர்ந்து வந்தன.

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டியூபும் போச்சு, டீயும் போச்சு மேன்!"

"உள்ளதச் சொன்ன. நாளைக்கும் வா" என்றார் பாய் என்னிடம். கடை ரேடியோவிலிருந்து ஒரு வால்வைக் கழற்றி ஆம்ப்ளிபையருக்குக் கொடுத்தார். நனைந்த நாலையும் மொட்டை மாடியில் வத்தல் மாதிரிக் காயவைத்து, சாயந்திரம் வரை காக்காய் விரட்டினேன். சனிக்கிழமை கிதார் நன்றாகவே பேசியதாம்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பெயர் தெரிந்த சாமான் என்பதற்காகக் கை வைக்காதீர்கள். தெரியாததைக் கேட்டால் ஒரு நிமிஷம் மானம் போகும். கேட்காவிட்டால் நாள் முழுக்கக் காக்காய் விரட்ட வேண்டும்.

செத்த வால்வைத் துரை ஞாபகத்துக்கென்று எடுத்துப் போனார். படியிறங்கும்போது, "பஞ்சருக்கு எம்புட்டு மேன்?" என்றார்.

"ஓரணா துரை."

"சனிக்கிழமை தாரேன்."

எத்தனையோ சனிக்கிழமை போய்விட்டது. பிய்த்தாலும் ஒட்டு ஒட்டுதானே. வர வேண்டிய பாக்கி: ஓரணா.