மக்கீன் நானாவின் வால் கொப்பி

மாத்தளையில் கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்துக்கு எதிரே, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் ஒரு மேசையும் உட்கார ஒரு வாங்கும் போட்டு, மனுக் கொடுக்க வருகிறவர்களுக்குப் பெட்டிசம் எழுதிக்கொண்டிருந்தார் மக்கீன் நானா. கோபம் அவருக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். மழை பெய்தால் மழையோடு கோபம், மை உறைந்தால் மையோடு கோபம். ஆனால் இங்கிலீஷோடு அவருக்கு இருந்த கோபம் வேறு. அது இருபது வயதில் பிடித்தது. பிறகு இறங்கவே இல்லை.

அப்போது அவர் ஒரு புரொக்டர் வக்கீலிடம் குமாஸ்தா. தானாக இங்கிலீஷில் எழுதிய முதல் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். புரொக்டர் அதைக் கட்சிக்காரர்கள் முன்னால் உரக்க வாசித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வினைச்சொல் எல்லாம் சரிதான்; அதன் பின்னால் ஒட்டவேண்டிய சின்னச் சொல்தான் மாறிப்போயிருந்தது. அன்று பின்னேரமே வேலை போனது. போகிற வழியில் மக்கீன் கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கினார். அந்தச் சின்னச் சொற்களுக்கு வால் என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றாகப் பிடித்து அதில் அடைக்கத் தொடங்கினார்.

லுக் என்றால் பார். ஆஃப்டர் என்ற வால் வந்தால் பராமரி. இன்டூ வந்தால் விசாரி. டவுன் ஆன் வந்தால் இளக்காரமாக நினை. கிவ் என்றால் கொடு. அப் வந்தால் கைவிடு, இன் வந்தால் பணிந்துபோ. டர்ன் என்றால் திருப்பு; டவுன் வந்தால் நிராகரி. புட் என்றால் வை; அப் வித் என்று இரட்டை வால் வந்தால் சகித்துக்கொள். அந்த வரியின் கீழே கோடு போட்டபோது பேனா முள் தாளைக் கிழித்துவிட்டது.

தமிழிலும்தானே வினையோடு விடு, போடு, கொள் என்று ஒட்டுகிறோம், இதற்கு ஏன் இந்தக் கோபம் என்று தேநீர்க் கடை யாகூப் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"அது நாம தொட்டில்ல கெடந்து கேட்டது. இந்த வெள்ளக்காரனுங்க பேசுறத நம்மள கிட்ட நின்னு கேட்க விட்டானுங்களா?" என்றார் மக்கீன். யாகூப் தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்ததும் அந்தக் கொப்பிக்கு வேலை கூடிவிட்டது. மூன்று தலைமுறையாகத் தேயிலையில் முதுகு ஒடிந்தவர்கள் தாங்கள் இந்த நாட்டவர்தான் என்று தாள் காட்டி நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நிரப்பவேண்டிய பாரமெல்லாம் இங்கிலீஷில். ஐம்பத்தோராம் ஆண்டில் மட்டும் மக்கீன் நூற்றுக்கு மேல் எழுதினார். அதில் ஒன்று இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் சவரியம்மாவுடையது. புருஷன் இல்லை, மகள் அருள்மணி மட்டும். மனு தவறினால் வோட்டும் இல்லை, சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லை. கண்ணால் காணாத பாட்டன் ஊருக்குக் கடல் தாண்டி ஏற்றி அனுப்பினாலும் கேட்க ஆள் இல்லை.

எழுதி முடித்ததும் எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னார். முத்திரை குத்திய கடிதம் வந்தால் பத்திரமாக வைக்க வேண்டும், யார் கையிலும் கொடுக்கக் கூடாது. வாசித்துத் தருகிறேன் என்று வாங்கிய தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவன் நாலு பேருடைய தாள்களைத் தொலைத்திருந்தான். அந்த ஆத்திரத்தில் சொன்னதுதான்.

ஐம்பத்தைந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரியம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள். சேலையில் சுற்றிய அந்தோனியார் படத்தைச் சட்டத்தோடு மேசைமேல் வைத்தாள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் முக்கியமான தாள் எதுவானாலும் சாமி படத்தின் பின்னால்தான் போகும். அங்கே எலியும் வராது, திருடனும் கை வைக்க மாட்டான். கடிதம் வந்துவிட்டது, இனி வோட்டு இடாப்பில் பேர் போட எழுதித் தாருங்கள் என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

மக்கீன் பேனாக்கத்தியால் பின்அட்டையை நெம்பிக் கடிதத்தை எடுத்து வாசித்தார். அருள்மணி பிறந்த வருஷத்தில் மனுதாரர் இலங்கையில் இருந்ததற்கு அத்தாட்சி இல்லை. மூன்று மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் மனு டர்ன் டவுன் செய்யப்படும். தேதியைப் பார்த்தார். நாலரை மாதம் ஆகியிருந்தது. கடிதத்துக்கு அடியில் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. வஹகோட்டைக் கோயிலில் அருள்மணிக்கு ஞானஸ்நானம் கொடுத்த சீட்டு. கேட்ட கேள்வியும் அதற்கான பதிலும் நாலரை மாதமாக ஒரே சட்டத்துக்குள் கிடந்திருக்கின்றன.

அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். வந்த அன்றைக்கே ஏன் கொண்டுவரவில்லை, மூளையைத் தோட்டத்தில் அடகு வைத்துவிட்டாயா என்றெல்லாம் கேட்டார். சவரியம்மா அழவில்லை.

"யாரு கையிலயும் குடுக்காதீங்கன்னுதானே நானா சொன்னீங்க. ஒங்க கையில குடுக்கச் சொல்லலியே."

 நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு மக்கீன் அதையேதான் சொல்லியிருந்தார். எந்த வால் எந்தச் சொல்லை எங்கே இழுத்துப் போகும் என்று கொப்பி நிறைய எழுதியவர், தன் சொல் எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கவில்லை. இப்போது அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அன்று அவர் எழுதிய பெட்டிசத்தில் ஒரு வால்கூட இல்லை. பிழை என்னுடையது, வைக்கச் சொன்னவன் நான், அவள் வைத்தாள் என்று மொட்டையாக எழுதினார். பெட்டிசக்காரர்கள் யாரும் செய்யாத ஒன்றையும் செய்தார். அடியில் தன் பெயரையும் விலாசத்தையும் போட்டார். கச்சேரி வாசலில் இது தெரிந்தால் ஒருவரும் தன்னிடம் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஞானஸ்நானச் சீட்டை இணைத்து மறுநாள் பதிவுத் தபாலில் சேர்த்தார். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் தோட்டம் தோட்டமாக ஏறி, முத்திரைக் கடிதம் வந்தால் அன்றைக்கே தன்னிடம் கொண்டுவரச் சொன்னார். சாமி படங்களின் பின்னாலிருந்து இன்னும் ஏழு கடிதங்கள் வந்தன. மூன்றுக்கு மட்டும் தவணை மிச்சமிருந்தது.

சவரியம்மாவுக்குப் பதில் வந்தது. உறையைப் பிரிக்காமல் கொட்டும் மழையில் அன்றைக்கே கொண்டுவந்தாள். இரண்டே வரி. மக்கீன் என்பவர் எழுதிய கடிதம் கிடைத்தது. தவணை கடந்துவிட்டதால் மனு டர்ன் டவுன் செய்யப்பட்டது.

மக்கீன் கொப்பியைத் தேடவில்லை.

"முடியாதுன்னு எழுதியிருக்கானுங்க," என்றார்.

அவள் கடிதத்தை வாங்கி, ஈரம் படாமல் முந்தானையில் சுற்றினாள்.

"இதையும் பத்திரமா வைக்கணுமா நானா?"

"வைங்க," என்றார் மக்கீன். "அதுல என் பேரும் இருக்கு."