மானுக்கும் பண்டிக்கும் ஒரே ரவை

எனக்கு எழுத வராது, நான் சொல்லப் பேத்தி எழுதுறாள். பாரிசிலை எங்கடை ஆக்களின்ரை கடைத்தெரு லாச்சப்பலுக்குக் கறித்தூள் வாங்க வந்த என்னை மருமோன் துவக்குக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேட்டையாடுற பெர்மி, அதுதான் அனுமதிப்பத்திரம், கிடைச்ச சந்தோசப் புளுகம் அவருக்கு! மானுக்கும் காட்டுப்பண்டிக்கும் ஒரே துவக்கு, சுடுற ரவையும் ஒண்டாய் வேணுமாம். பெரிய மாக்னம் ரவையைக் கேட்டார். கடைக்கார வெள்ளையன் முறைச்சுப்போட்டு, அதைவிடச் சின்ன, முந்நூத்தெட்டு எண்ட ரவையை எடுத்து வைச்சான். ரெண்டுபேரும் கத்தத் தொடங்கிட்டினம்.

"என்ன தம்பி சண்டை?"

"பேசாமல் இருங்கோ மாமி. கறுப்பனுக்குச் சின்னது காணும் எண்டு நினைக்கிறான்!"

"உம்மடை முதலாளி மாக்னத்தாலை சுட்டுத் தந்த மான்ரை தோள்முழுக்க ரத்தக்கட்டியும் எலும்புத்தூளும். தோளிலைதானே குழம்பு ருசி! பாதியைக் குப்பையிலை போட்டனான். அதையும் இவனிட்டைச் சொல்லும்!"

மருமோன் பல்லைக் கடிச்சுக்கொண்டு பிரெஞ்சிலை சொன்னார். கடைக்காரன் மேசையைச் சுத்தி என்னட்டை வந்தான். அடிக்கப்போறானோ எண்டு பையைக் கட்டிப்பிடிச்சன். அவன் என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினான்.

"என்னவாம் தம்பி?"

"தானும் இதைத்தான் கத்துறானாம். முந்நூத்தெட்டு பண்டியையும் விழுத்துமாம், மான் இறைச்சியும் மிஞ்சுமாம்."

அதையே வாங்கின மருமோன் வீடு வந்து சேருமட்டும் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தார். எனக்கெண்டால் சரியான சந்தோசம். வெள்ளையன் முறைச்சால் எங்கடை நிறத்தைத்தான் முறைக்கிறான் எண்டு இருந்தனான். இந்த மனிசனுக்கு வீணாய்ப்போற இறைச்சியிலைதான் கோவம்.