ஆற்று இரைச்சலில் ஒத்திகை

தொண்ணூறுகளில் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். எந்திரங்கள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். சத்தமில்லாமல் வாயை அசைத்தால் போதும், நாலு எந்திரம் தள்ளி நிற்பவர் பதில் சொல்லிவிடுவார். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது.

அப்போது மில்லில் எங்கள் பிரிவு ஆட்களை மேற்பார்க்கும் மேஸ்திரி வேலை காலியானது. எனக்கு அதன்மேல் ரொம்ப நாள் ஆசை. வேலையும் தெரியும். ஆனால் மேனேஜர் அறையில் உட்கார்ந்து, எனக்கு ஏன் தர வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை நினைத்தே சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று. டீயைக் குடித்தே பொழுதை ஓட்டினேன். தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வீட்டுக்கு வருவேன்.

ஒருநாள் என் மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள்.

"பாருங்க. இந்த மூஞ்சிக்கு நீங்களே வேலை கொடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"பொறவு அவுக மட்டும் எப்படிக் கொடுப்பாக? மொதல்ல ஒழுங்கா சாப்பிட்டு ஒறங்குங்க. பேச்சு தானா வரும்."

பேச்சு தானாக வரும் என்பதை நான் நம்பவில்லை. மற்றதைச் செய்தேன். ஷிப்ட் முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்காராமல் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்தேன். எழுந்ததும் ஆற்றுக்குப் போனேன். சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கண் எரிச்சல் நின்றது. பசிக்கத் தொடங்கியது.

ஆறு குறுகி, பாறைகளுக்கு நடுவே இரைந்து விழும் இடம் ஒன்று உண்டு. அங்கே நின்றால் நம் குரல் நமக்கே கேட்காது. உடம்பு லேசாக இருந்த ஒரு காலையில் சும்மா சொல்லிப் பார்த்தேன்: "ஐயா, எந்திரத்தில் பழுது வருமுன்பே கண்டுபிடித்துவிடுவேன். கோபப்படாமல் ஆட்களை வேலை வாங்குவேன்." யாருக்கும் கேட்காது என்ற தைரியம். பிறகு தினமும் சொன்னேன். பேச்சு நீண்டது. கையை வேறு ஆட்டினேன்.

அந்த வாரமே மில்லில், அடுத்த எந்திரத்தில் நின்ற அண்ணாச்சி என்னைப் பார்த்து வாயசைத்தார்.

"கோவப்படாம ஆளுகள வேலை வாங்குவீரோ வே?"

எதிர்க்கரையில் குளிப்பவர்கள் அத்தனை பேரும் எங்கள் மில்காரர்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"தெனமும் பாக்கோம். சோப்புப் போடுததை நிறுத்திட்டுல்லா பாக்கோம்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"நான் மேனேஜரைப் பாக்கப் போகலை அண்ணாச்சி. வேற யாருக்காவது கொடுக்கட்டும்."

"போவாம இருந்தா விட மாட்டோம். பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசி வரி வரும்போது தலையக் குனியுதீரு. குனிஞ்சா எங்களுக்கு உதடு தெரியல்ல. நிமுந்து சொல்லும் வே."

மறுநாள் ஆற்றில் நிமிர்ந்து சொன்னேன். எதிர்க்கரையிலிருந்து ஒரு கை உயர்ந்து, சரி என்று ஆடியது.

மேனேஜர் அறைக்குப் போன அன்று மனைவி இட்லி வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரவில்லை. அறையில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. அந்த அமைதியில் பயம் வந்தது. தலை தானாகக் குனிந்தது. குனிந்தால் உதடு தெரியாதே என்று ஞாபகம் வந்ததும் நிமிர்ந்தேன். ஆற்றில் சொன்னதை அப்படியே, கடைசி வரி உட்படச் சொன்னேன்.

மேனேஜர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். கொஞ்சம் மெதுவாச் சொல்லலாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வேலை எனக்கே கிடைத்தது. ஆற்றுக்குப் போவதை நான் விடவில்லை. குளித்துவிட்டு வாய் திறக்காமல் கரையேறுவேன். எதிர்க்கரையில் அண்ணாச்சி சோப்பு நுரையோடு நின்று வாயசைப்பார்.

"மேஸ்திரி, இன்னைக்கு ஒண்ணும் இல்லியா?"