பிலோமினா வீட்டு ஹால் விளக்கு

பிலோமினா இறந்த செய்தி வந்தபோது நான் மந்தைவெளி மார்க்கெட்டில் கீரைக்காரம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கட்டுக்குள் பாதி புல்லாக இருந்தது. போனில் அவள் கணவர் ஜெரோம். "பிலோ போயிட்டா டீச்சர்," என்றார். எங்கே போய்விட்டாள் என்று ஒரு கணம் யோசித்தேன். கண் தெரியாதவள் தனியாக எங்கே போவாள்? பிறகுதான் புரிந்தது. கீரையை வாங்கினேனா, அங்கேயே வைத்துவிட்டு வந்தேனா என்பது இன்றுவரை ஞாபகம் இல்லை.

அன்று மாலைக்குள் நம் பள்ளியில் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மெழுகுவத்திப் படங்கள் குவிந்துவிட்டன. 'புறக்கண் போனாலும் அகக்கண்ணால் உலகைக் கண்டவர்' என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பதினைந்து பேர் கும்பிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அகக்கண்ணால் எதையும் காணவில்லை. காணவில்லை என்று தினமும் அழுதாள். இயற்பியல் பாடம் எடுத்தவள், அவளிடம் போய் அகக்கண் என்று சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவளை அறிந்தவர்களாவது நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'அவர்' போட்டு எழுதினால் அவளே சிரிப்பாள். 'அவள்' என்றே எழுதுகிறேன்.

சாந்தோமில் எங்கள் ஊழியர் அறையில் அவள் மேஜையும் என் மேஜையும் ஒட்டியே இருந்தன. நான் தமிழ், அவள் இயற்பியல். ஒரு கோடையில் அறையின் மின்விசிறி நின்றுபோனது. ஆளாளுக்கு பியூன் மாரிமுத்துவைத் திட்டினோம், அவர்தான் எதையோ அமுக்கிக் கெடுத்திருப்பார் என்று. பிலோமினா பேசாமல் நாற்காலி போட்டு ஏறி, ரெகுலேட்டரைக் கழற்றி, உள்ளே கருகியிருந்த வயரைக் காட்டினாள். "முதல்ல சர்க்யூட்டைப் பாரு, அப்புறம் ஆளைப் பாரு," என்றாள். அன்றிலிருந்து அது எங்கள் அறையின் பழமொழியாகிவிட்டது. விடைத்தாள் கட்டு காணாமல் போனால்கூட யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு மந்தைவெளியில் அவர்கள் பழைய பிளாட் ஒன்றைப் புதுப்பித்துக் குடிபோனார்கள். ஜெரோமுக்கு ஒற்றைத் தலைவலி. வந்துவிட்டால் வெளிச்சம் ஆகாது, வெளிச்சம் பட்டால் வாந்தி எடுப்பார். பிலோமினாவுக்கோ மாலையில் ஹாலில் உட்கார்ந்து எம்பிராய்டரி போட நல்ல வெளிச்சம் வேண்டும். ஒரே ஹால், நடுவில் ஒரே விளக்கு. அதற்கு அவள் கண்ட வழி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர். வாசல் பக்கம் அவள் கைக்கு ஒன்று, ஜன்னலோரம் அவர் நாற்காலிக்கு ஒன்று.

முதலில் எலக்ட்ரீஷியன் பாஷா பாய் இரண்டு பக்கமும் திருகுகிற டிம்மரையே மாட்டிவிட்டார். ஜெரோம் பாதியில் வைத்தால், அவள் தன் பக்கம் எவ்வளவு திருகினாலும் அந்தப் பாதிக்கு மேல் ஏறாது. அதோடு விளக்கு வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு மினுக்கியது. "மாடிப்படி விளக்குக்கு ரெண்டு ஸ்விட்ச் போடுற மாதிரி ரெண்டு டிம்மர் போட முடியாது பாய். தெரிஞ்சும் உங்களை விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்," என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே கடை கடையாக விசாரித்து, டிம்மர் ஒன்றை மட்டும் சுவருக்குள் வைத்து, இரு பக்கமும் காலிங் பெல் மாதிரி வெறும் பட்டனைப் பொருத்தச் செய்தாள். ஒரு தட்டு தட்டினால் எரியும், அணையும். அமுக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஏறும், விட்டு மறுபடி பிடித்தால் இறங்கும். எந்தப் பக்கத்திலிருந்தும் செய்யலாம்.

புதுமனைக்குப் போன எங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி அமுக்கச் சொன்னாள். ஜெரோம் ஜன்னலோரம் இருந்து குறைக்க, இவள் வாசலிலிருந்து ஏற்ற, இரண்டு பேரும் பிள்ளைகள் மாதிரி விளையாடினார்கள். அந்தப் பட்டனில் ஒரே ஒரு குறை. மின்விசிறி ரெகுலேட்டரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் இருக்கும். இதில் எதுவும் இல்லை. விளக்கு இப்போது முழுதாக எரிகிறதா, முக்காலா, பாதியா என்பதை விளக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். "அதுக்குத்தான் கண்ணு இருக்கே," என்றாள்.

அடுத்த வருஷம்தான் சண்டை ஆரம்பித்தது. ஜெரோம் தன் பக்கத்திலிருந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறார் என்றாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, அரிசியில் கல் தெரியவில்லை. "நான் தொடவே இல்லை," என்றார் அவர். "தொடாம எப்படிங்க குறையும்? பட்டன் ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு என் கையில இருக்கு," என்றாள் இவள். பாஷா பாயைக் கூப்பிட்டாள். அவர் பல்பை மாற்றினார், பிறகு டிம்மரையே மாற்றினார். கடைசியில் கையை விரித்தார்.

"இன்னா டீச்சர், எல்லாம் புச்சா போட்டாச்சு. வயரிங்கு பக்காவா கீது. சார் அந்தாண்ட குந்திக்கினு அமுக்கறாரோ இன்னாவோ. நீங்களே கேட்டுக்கங்க."

அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. சர்க்யூட்டைப் பார்த்தாகிவிட்டது, இனி ஆளைப் பார்க்க வேண்டியதுதான். நாற்பது வருஷம் சேர்ந்து பூசைக்குப் போனவர்கள் தனித்தனி நேரத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு சமையல் இல்லாத குறை. ஜெரோமின் பட்டனைக் கழற்றிவிடேன், சந்தேகம் தீர்ந்துவிடுமே என்று சொன்னேன். என்னை முறைத்தாள். "நான் சொன்னா அவர் கையை எடுக்கணும் லலிதா. வயரை வெட்டித்தான் எடுக்கணும்னா அது என்ன கல்யாணம்?" கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணாடியையும் மாற்றிக்கொண்டாள். சுவரில் இருந்த எழுத்தையெல்லாம் கடைசி வரி வரை படித்தாளாம். பெருமையாகச் சொன்னாள்.

அந்த வருஷக் கடைசியில் ஜெரோம் பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டுதான் போனார். அவர் போன மறுநாள் சாயங்காலம் பிலோமினா எனக்குப் போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "லலிதா, அவர் ஊர்ல இல்லை. ஆனா லைட்டு இன்னும் கம்மியாவே எரியுது. கொஞ்சம் வந்து பாரேன்."

ஆட்டோ பிடித்துப் போனேன். கதவைத் திறந்தாள். உள்ளே காலை வைத்தவுடன் என் கண் கூசியது. கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடிப்பாரே, அப்படி இருந்தது ஹால். அவள் வாசல் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுதா பாரு. ஏறலைல்ல?"

விளக்கு முழுதாக எரிந்தது. அதற்கு மேல் ஏற இடமே இல்லை. ஒருமுறை இறங்கி ஏறட்டும் என்று அவள் கையை எடுத்துவிட்டு நானே அமுக்கினேன். வெளிச்சம் மெல்ல இறங்கியது, ஹால் இருட்டியது. விட்டு மறுபடி பிடித்தேன், ஏறியது, முழுதாக ஏறி நின்றது. அவள் முகம் தெளியவில்லை. "இப்ப?" என்று கேட்டாள்.

"நல்லா எரியுது பிலோ. எனக்குக் கண்ணு கூசுது."

அவள் சுவரைத் தடவிக்கொண்டே போய் ஜெரோமின் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப வயர்ல இல்லை," என்றாள். அழவில்லை. பரிசோதனை முடிவைச் சொல்வது போலச் சொன்னாள். அவளுக்காக நான்தான் அழுதேன்.

கண் அழுத்த நோய் என்றார் டாக்டர். பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருமாம், நடுவில் கொஞ்சம் மிச்சம் வைக்குமாம். அந்த மிச்சத்தால்தான் கண்ணாடிக் கடையில் எழுத்தையெல்லாம் படித்திருக்கிறாள். வலி இல்லை, சிவப்பு இல்லை. "போனது போனதுதான்மா. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா நிறைய நிறுத்தியிருக்கலாம். இருக்கறதைக் காப்பாத்தப் பார்ப்போம்," என்றார். எந்த ஒரு வருஷம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை என்று எல்லாம் செய்தார்கள். இருந்ததும் நிற்கவில்லை. வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போனார்கள், அங்கும் ஒன்றும் நடக்கவில்லை. நம்பிக்கை வையுங்கள் என்று நம்மில் பலர் அவளிடம் சொன்னோம். சொல்வது சுலபம்.

டாக்டர் சொன்னதைக் கேட்டதும் ஜெரோம் பெங்களூரிலிருந்து அன்றிரவே கிளம்பி வந்திருந்தார். அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இல்லை பிலோ, நானும் சில நாள் குறைச்சிருக்கேன். நீ சொன்னது சரிதான்." பச்சைப் பொய். அந்த வருஷம் முழுக்க அவர் அதைத் தொட்டதே இல்லை. தலைவலி வந்தால் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். "பொய் சொல்லாதீங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பொய் அவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. பார்வை சுத்தமாகப் போன பிறகும், மாலை ஜெபம் முடிந்ததும் அவள் கேட்பாள்: "லைட்டைக் குறைச்சீங்களா?" அவர் "ஆமா, குறைச்சேன்," என்பார். நன்றாக நாலு திட்டு திட்டுவாள். அவர் எழுந்து போய்ப் பட்டனை அவள் காதில் விழும்படி இரண்டு தட்டு தட்டுவார். "ம், இப்ப பரவாயில்லை," என்பாள். முதல் தடவை இதைப் பார்த்தபோது என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவர் உள்ளே போனதும், "தெரிஞ்சுதான் கேக்கறியா?" என்றேன். "பின்ன? ரெண்டு பேருக்கும் பேச வேற என்ன இருக்கு?" என்றாள்.

வேடிக்கை என்னவென்றால் விளக்கு நிஜமாகவே முழுதாக எரியும். இவளுக்குத் தெரியப்போவதில்லை, அவருக்கோ தலை பிளக்கும். குறைத்துத்தான் வையுங்களேன் என்று ஒருநாள் சொன்னேன். "நான் சொல்றதுதான் பொய் டீச்சர். லைட்டாவது நிஜமா இருக்கட்டும்," என்றார் ஜெரோம். அந்த மனிதரைத்தான் ஒரு வருஷம் முழுக்க நாம் எல்லோரும், மாரிமுத்துவைத் திட்டிய அதே ஊழியர் அறைப் பழக்கத்தில், குற்றவாளி என்று பேசினோம்.

போன மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பிறகு கீரைக்காரம்மாவிடம் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் ஜெரோமைப் பார்க்கப் போனேன். ஹால் மங்கலாக இருந்தது. அவர் முகம் தெரியும் அளவுக்குத்தான் வெளிச்சம். "இப்ப எவ்வளவு வேணும்னாலும் குறைச்சுக்கலாம் டீச்சர், கேக்க ஆள் இல்லை. தலைவலிகூட வரமாட்டேங்குது," என்றார். காபி போட்டுக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"கடைசி வாரம் அவ கேக்கவே இல்லை டீச்சர். ஜெபம் முடியும், நான் காத்துக்கிட்டு இருப்பேன், கேக்க மாட்டா. ஒருநாள் நானே பக்கத்துல போய், 'லைட்டைக் குறைச்சுட்டேன் பிலோ, திட்டு'ன்னு சொன்னேன். 'விடுங்க'ன்னா. அவ்வளவுதான். 'விடுங்க.'"

பிலோமினா எவ்வளவோ பேசியிருக்கிறாள். உங்கள் ஒவ்வொருவரிடமும் அவள் சொன்ன ஏதாவது ஒன்று இருக்கும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் தங்கியிருப்பது நான் நேரில் கேட்காத அந்த ஒரு சொல்தான்.